எந்த ஹீட்டருக்கு எந்த தெர்மோஸ்டாட்? ஊர்வன வளர்ப்போர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஊர்வன வாழும் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை, தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டு எப்படிக் கட்டுக்குள் வைப்பது. தொழிற்சாலை உலைகளுக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வீட்டில் பல்லிகளும் பாம்பும் வளர்க்கிறேன். அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு இரண்டு வகையிலும் நெருக்கமானவை. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: முதன்முதலாக ஒரு பியர்டட் டிராகன் பல்லி வளர்க்கப்போகிறேன் சார். நான்கு அடி நீளப் பெட்டி தயார். தெர்மோஸ்டாட்டில் ஆன்-ஆஃப், பல்ஸ், டிம்மிங் என்று மூன்று வகை இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆன்-ஆஃப்தான் விலை குறைவு. அதையே வாங்கிவிடலாமா?

பதில்: சூட்டுக்கு எதை மாட்டப்போகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பலரும் தெர்மோஸ்டாட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தும் ஹீட்டரைத் தேடுகிறார்கள். அந்த விலங்குக்கு எப்படிப்பட்ட சூடு வேண்டும், அதை எந்த ஹீட்டர் தரும், அந்த ஹீட்டருக்கு எந்த தெர்மோஸ்டாட் ஒத்துவரும் என்ற வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. பகலில் கல்லின் மேலோ மரக்கட்டையின் மேலோ ஏறி வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். எனவே அதற்குச் சூடு மேலிருந்து வர வேண்டும், வெளிச்சத்தோடு சேர்ந்து வர வேண்டும். உங்களுக்குச் சரியானது ஹாலஜன் பல்ப். வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். பெட்டியின் மறுகோடி 22 முதல் 26 டிகிரியில் குளுமையாக இருக்கட்டும்.

சரி, அந்த ஹாலஜன் பல்பை ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டில் மாட்டினால் என்ன நடக்கும்? குறித்த சூடு வந்ததும் பல்ப் பட்டென்று அணையும். ஓரிரு டிகிரி இறங்கியதும் பளீரென்று எரியும். நாள் முழுக்க இதுவே நடக்கும். வெயில் காய ஏறி உட்கார்ந்த விலங்குக்குத் தலைக்கு மேல் பகலும் இரவும் மாறி மாறி வந்தால் அது அங்கே நிம்மதியாக உட்காராது. பல்புக்கும் கேடுதான். பல்பின் இழை ஆறியிருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் ஒரு கணம் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. ஆன்-ஆஃப் போட்டால் பல்ப் சீக்கிரமே போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

டிம்மிங் வகை பல்பை அணைப்பதில்லை. மாறுதிசை மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் பல்புக்கு அனுப்புகிறது. சூடு ஏற ஏற பல்ப் மெல்ல மங்கும், குறைந்தால் மெல்லப் பிரகாசமாகும். கொஞ்ச நேரத்தில் ஓர் அளவில் நிலைத்து நின்றுவிடும். ஆக, உங்களுக்கு டிம்மிங் வகைதான். விலை வித்தியாசத்தைப் பல்ப் செலவிலேயே ஓரளவு மீட்டுவிடலாம்.

மற்ற இரண்டு வகைகளையும் வீண் என்று நினைக்காதீர்கள். பல்ஸ் வகை, மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டருக்கு அது அருமையாகப் பொருந்தும். வெளிச்சம் தரும் பல்பில் மாட்டினால் மின்னி மின்னி எரியும், அதனால் பல்புக்கு வேண்டாம். ஆன்-ஆஃப் வகை, ஹீட் மேட் என்ற தட்டையான சூட்டு விரிப்புக்கும் ஹீட் கேபிளுக்கும் போதும். அவை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுபவை, ஓரிரு டிகிரி ஏற்ற இறக்கம் விலங்கிடம் போய்ச் சேருவதற்குள் தணிந்துவிடும்.

அடுத்தது வாட் கணக்கு. தெர்மோஸ்டாட்டின் மேல் அது தாங்கும் உச்ச வாட் அச்சிட்டிருக்கும். உங்கள் ஹீட்டரின் வாட் அதில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால், வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 600 வாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2.6 ஆம்பியர், 120 வோல்ட்டில் 5 ஆம்பியர். டிம்மிங் வகையில் குறைந்தபட்ச வாட் என்றும் ஒன்று இருக்கலாம். அதற்குக் கீழே உள்ள சிறிய பல்பை மாட்டினால் அது நடுங்கி நடுங்கி எரியும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

பல்பை எத்தனை வாட்டில் வாங்குவது? இதற்கு ஒரே எண்ணை யாராலும் சொல்ல முடியாது. பெட்டியின் உயரம், மேல்மூடி வலையா பலகையா, அறையின் சூடு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். விலங்கு வருவதற்கு முன், தெர்மோஸ்டாட் இல்லாமல் பல்பை நேரடியாக எரியவிட்டு நாள் முழுக்க அளந்து பாருங்கள். வேண்டிய சூட்டைவிட நாலைந்து டிகிரி மட்டும் கூடுதலாகப் போனால் பல்ப் சரி. 60 டிகிரிக்குப் போய் நின்றால் வாட்டைக் குறையுங்கள் அல்லது பல்பை உயர்த்துங்கள். ‘தெர்மோஸ்டாட்தான் இருக்கிறதே, அது குறைத்துக்கொள்ளும்’ என்று பெரிய பல்பாக மாட்டாதீர்கள். ஏன் என்று கீழே வேறொரு பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வளர்க்கிறேன். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட், ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட். 32 டிகிரிக்கு வைத்திருக்கிறேன், திரையிலும் 32தான் காட்டுகிறது. ஆனால் மண்ணைக் கையால் விலக்கி அடியில் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. கருவி கெட்டுவிட்டதா அண்ணா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. சூட்டை உணரும் சென்சார் எங்கே இருக்கிறது? மண்ணுக்கு மேலே கிடக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் நடப்பது இதுதான்: மண் ஒரு போர்வையாக இருந்து மேட்டின் சூட்டைக் கீழேயே அடக்கிவைக்கிறது. மேலே இருக்கும் சென்சாருக்குச் சூடு வந்து சேர நேரமாகிறது. ‘இன்னும் 32 வரவில்லை’ என்று தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே 32 ஆகும்போது அடியில் 45ஐயும் தாண்டியிருக்கலாம். குழி தோண்டிப் படுக்கும் விலங்கு, நேராக அந்த அடித்தட்டில் போய்ப் படுக்கிறது.

தெர்மோஸ்டாட்டுக்குப் பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. சென்சாரின் நுனி எங்கே இருக்கிறதோ அந்த ஒரு புள்ளியின் சூடு மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தப் புள்ளி, விலங்கு போய்ச் சேரக்கூடிய இடங்களிலேயே அதிகச் சூடான இடமாக இருக்க வேண்டும். உங்கள் தொட்டியில் அது மேட்டுக்கு நேர் மேலே உள்ள கண்ணாடித் தரை. சென்சாரை அங்கே, மேட்டின் நடுப்பகுதிக்கு நேராக, கண்ணாடியை ஒட்டி வையுங்கள். மண்ணை ஒன்றிரண்டு சென்டிமீட்டராகக் குறையுங்கள். அதன் மேல், விலங்கு ஒளிந்துகொள்ளும் சூட்டுப்பக்க மறைவிடத்தை வையுங்கள். அப்புறம் மறைவிடத்தின் தரையை அளந்து, அங்கே 31 முதல் 33 டிகிரி வரும்படி செட்டிங்கை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டில் 34 என்று இருந்தால்தான் தரையில் 32 கிடைக்கிறது என்றால், அது 34லேயே இருக்கட்டும்.

சென்சாரை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். ஒட்டும் டேப்பைப் பெட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் அதன் ஓரம் கிளம்பும், விலங்கு அதில் ஒட்டிக்கொள்ளும். டேப்பில் ஒட்டிய பாம்பைப் பிரித்தெடுக்கும்போது செதிலோடு தோலும் வந்துவிடும். ரப்பர் உறிஞ்சியையும் நம்ப முடியாது, என்றாவது ஒரு நாள் கழன்று விழும். மீன் தொட்டிக்கு உரிய சிலிக்கோனில் ஒரு பொட்டு வைத்து, அது முழுதாகக் காய்ந்து வாடை போனபிறகு விலங்கை விடலாம். மரப்பெட்டி என்றால் கம்பிக்கு ஆணி வைத்த கிளிப் போதும்.

மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிக்கு அடியில் மேட் இருந்தால், தொட்டியின் நான்கு மூலைகளிலும் சிறு கட்டை கொடுத்து லேசாகத் தூக்கி வையுங்கள். காற்றுப் போகாத மேட்டின் சூடு ஒரே இடத்தில் தேங்கும், கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு. தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் இருக்கவே கூடாது. குளிர்ந்த பக்கம் இல்லாத பெட்டியில் எவ்வளவு துல்லியமான தெர்மோஸ்டாட் இருந்தும் பயனில்லை. பாலைவனப் பல்லிகளும் பாம்புகளும் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த் தங்கள் உடற்சூட்டைக் குறிப்பிட்ட அளவுக்குள் தாங்களே வைத்துக்கொள்கின்றன என்பதை கௌல்ஸ், போகர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1944இலேயே விரிவாக எழுதினார்கள். உண்மையான தெர்மோஸ்டாட் அந்த விலங்கின் உள்ளேயே இருக்கிறது. அது வேலை செய்வதற்கு வேண்டிய இடத்தைக் கொடுப்பதுதான் நம் பொறுப்பு.

கேள்வி: பாம்புக்குச் சூடு அதிகமானால் அதுவே நகர்ந்து போய்விடாதா? தெர்மோஸ்டாட் உண்மையிலேயே அவ்வளவு அவசியமா?

பதில்: காற்று சூடானால் நகரும், மேலிருந்து வரும் சூடு அதிகமானாலும் நகரும். ஆனால் அடியிலிருந்து சுடும்போது அப்படி நம்ப முடிவதில்லை. வயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் சூடான தட்டின் மேலேயே படுத்துக் கிடந்த பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். உடம்பின் மற்ற பகுதி குளிர்ந்திருந்தால், சூட்டை விட்டு நகர அதற்கு மனமிருக்காது. வயிற்றுச் செதில் பழுப்பாகி, கொப்புளமாகி, புண்ணாகும். ஆற மாதக்கணக்கில் ஆகும், பலமுறை தோல் உரித்த பிறகும் தழும்பு இருக்கும். மின்சாரத்தில் சூடேறும் செயற்கைக் கல் என்று விற்கிறார்களே, அதை வாங்கவே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. சூடு போதாவிட்டால் பாம்பு விழுங்கிய இரையைச் செரிக்க முடியாமல் கக்கிவிடும். நாள்பட்ட குளிர், மூச்சுக்குழல் நோயில் கொண்டுபோய்விடும். ஆகவே, ஹீட்டர் என்று ஒன்று பெட்டியில் இருந்தால் அதற்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஏழு வாட் மேட்டாக இருந்தாலும் கட்டாயம்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டே பழுதானால்? வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருக்கிறது. என் பால் பைதான் என்ற மலைப்பாம்புக்கு 100 வாட் செராமிக் ஹீட்டர் போட்டிருக்கிறேன்.

பதில்: உங்கள் பயத்தை வீண் பயம் என்று ஒதுக்க மாட்டேன். தொழிற்சாலையில் நாங்கள் எந்த உலையையும் ஒற்றைக் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் நம்பி விடுவதில்லை. ‘இது பழுதானால் எந்தப் பக்கம் பழுதாகும்?’ என்பதுதான் முதல் கேள்வி. ஹீட்டர் அணைந்த நிலையில் கருவி நின்றுபோனால் சில மணி நேரம் குளிர், அவ்வளவுதான். வளர்ந்த ஆரோக்கியமான பாம்பு அதைத் தாங்கும். எரிந்த நிலையிலேயே நின்றுபோனால் உயிர் போய்விடும்.

துரதிர்ஷ்டவசமாக, இந்தக் கருவிகள் இரண்டாவது விதமாகப் பழுதாவதற்கு நிறைய வழிகள் இருக்கின்றன. ஆன்-ஆஃப் வகைக்குள் ரிலே என்ற சிறு சுவிட்ச் இருக்கும். ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அதன் முனைகளில் பொறி பறக்கும். காலப்போக்கில் முனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் அது திறக்காது. பல்ஸ், டிம்மிங் வகைகளில் ரிலேக்குப் பதில் டிரையாக் என்ற குறைகடத்தி இருக்கிறது. அது பழுதாகும்போது பெரும்பாலும் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, மின்சாரத்தை முழுதாக விட்டுவிடும்.

சென்சார் இன்னொரு கதை. இந்தக் கருவிகளில் பெரும்பாலும் தெர்மிஸ்டர்தான் இருக்கும். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். 25 டிகிரியில் 10,000 ஓம் என்பது பரவலான வகை. இப்போது அதன் கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்தடை எல்லையற்றதாகிறது. எளிமையான கருவிக்கு அது ‘கடுங்குளிர்’ என்று தோன்றும், ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும். கம்பி அறுவதுகூட அரிதுதான். அடிக்கடி நடப்பது, பாம்பு சென்சாரைத் தள்ளித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவது. அல்லது பெட்டியைச் சுத்தம் செய்யும்போது சென்சாரை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ஹீட்டரை அணைக்க மறந்துவிடுவது. வெளியே கிடக்கும் சென்சார் அறையின் சூட்டைத்தான் படிக்கும்.

ஆகவே வாங்கும்போது இதைக் கேளுங்கள்: சென்சார் அறுந்தால் இந்தக் கருவி ஹீட்டரை அணைக்குமா? கையேட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். குறித்த அளவைத் தாண்டிச் சூடு போனால் ஒலி எழுப்பும் வசதியும் இருந்தால் நல்லது. நேரக் கட்டுப்பாடு, வண்ணத் திரை, கைப்பேசிச் செயலி போன்ற வசதிகளையெல்லாம்விட இந்த இரண்டுக்கும் நான் அதிகப் பணம் கொடுப்பேன்.

அதற்கு மேல், இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட் போடுங்கள். விலை குறைந்த ஆன்-ஆஃப் வகை போதும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் அதற்குள் போகட்டும், அதன் வெளியீட்டில் உங்கள் பல்ஸ் தெர்மோஸ்டாட்டை மாட்டுங்கள், அதில் ஹீட்டரை மாட்டுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சென்சார், பக்கத்துப் பக்கத்தில். பல்ஸ் வகையை 32இல் வைத்தால் ஆன்-ஆஃபை 36இல் வையுங்கள். சாதாரண நாட்களில் ஆன்-ஆஃபின் ரிலே அசையவே அசையாது, அதனால் தேயவும் தேயாது. பல்ஸ் கருவி கைவிட்ட அன்று மட்டும் அது குறுக்கே வந்து மின்சாரத்தை வெட்டும். வரிசையை மாற்றி, பல்ஸ் கருவியின் வெளியீட்டில் ஆன்-ஆஃபை மாட்டிவிடாதீர்கள். துடித்துத் துடித்து வரும் மின்சாரத்தில் அதன் உள்ளே இருக்கும் மின்னணு ஓடாது, கெட்டும் போகலாம். மாதம் ஒருமுறை ஆன்-ஆஃபின் செட்டிங்கைக் கீழே இறக்கி, அது உண்மையில் ஹீட்டரை அணைக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற்றி வையுங்கள்.

கடைசியாக, ஹீட்டரின் வாட். முதல் பதிலில் நிறுத்திய விஷயம் இதுதான். முழு வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் 38 டிகிரிக்கு மேல் போக முடியாத ஹீட்டர் இருந்தால், தெர்மோஸ்டாட் பழுதானாலும் விலங்கு குளிர்ந்த பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளும். 60 டிகிரிக்குக் கொண்டுபோகக்கூடிய ஹீட்டர் என்றால் பெட்டி முழுவதுமே வெந்துவிடும், ஓட இடமிருக்காது. உங்கள் 100 வாட் உங்கள் பெட்டிக்கு அதிகமா என்பதை, பாம்பை வேறு பெட்டியில் வைத்துவிட்டு, நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள். செராமிக் ஹீட்டருக்கு பிளாஸ்டிக் ஹோல்டர் கூடாது, பீங்கான் ஹோல்டர்தான். பாம்பு சுற்றிக்கொள்ள முடியாதபடி கம்பிக்கூடும் வேண்டும். இவை ஏற்கெனவே இருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: புற ஊதாக் கதிர் தரும் யுவிபி குழல் விளக்கையும், சூட்டையும் யுவிபியையும் சேர்த்தே தரும் மெர்குரி வேப்பர் விளக்கையும் தெர்மோஸ்டாட்டில் மாட்டலாமா?

பதில்: கூடாது. யுவிபி குழலுக்கு டைமர்தான், காலையில் எரிந்து மாலையில் அணைய வேண்டும். மெர்குரி வேப்பர் விளக்கைக் குறைத்து எரியவிட முடியாது. அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும், அடிக்கடி அணைந்தால் சீக்கிரம் பாழாகும். அதன் சூட்டை உயரத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும் என்று நினைப்பவர்கள் மெர்குரி வேப்பரைத் தவிர்த்துவிட்டு, ஹாலஜன் ஒன்று, யுவிபி குழல் ஒன்று என்று பிரித்துப் போடுவதே மேல். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒன்று போனாலும் மற்றது எரிகிறது, ஒவ்வொன்றையும் அதனதன் போக்கில் சரிசெய்ய முடிகிறது.

கேள்வி: இரவில் சூடு எவ்வளவு குறையலாம்? இரவுக்கு என்று சிவப்பு பல்ப் விற்கிறார்களே, அது ஊர்வனவற்றின் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள்.

பதில்: தெரியும். பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல நிறப்பார்வை உண்டு, சிவப்பு வெளிச்சமும் அவற்றுக்கு வெளிச்சம்தான். இரவு இருட்டாகவே இருக்கட்டும். சூடு குறைவதும் இயல்புதான், காட்டிலும் அப்படித்தான். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த பியர்டட் டிராகன் 18, 20 டிகிரி இரவை எளிதாகக் கழிக்கும். பால் பைதானுக்கு 24க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் அறை அதற்கும் கீழே குளிர்ந்தால் மட்டும், வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தனி பல்ஸ் தெர்மோஸ்டாட்டில் வையுங்கள். பகல், இரவு என இரண்டு செட்டிங் உள்ள தெர்மோஸ்டாட் வாங்கினால், நேரத்தை வைத்து மாறும் வகையாகப் பாருங்கள். வெளிச்சத்தை உணர்ந்து மாறும் வகை, இரவில் நீங்கள் அறை விளக்கைப் போட்டாலே பகல் என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: கிரெஸ்டட் கெக்கோவின் பெட்டி வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தொடுகிறது. தெர்மோஸ்டாட்டை 24இல்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் இறங்கவில்லை.

பதில்: ஹீட்டருக்கான தெர்மோஸ்டாட்டால் ஹீட்டரை அணைக்க மட்டும்தான் முடியும். அணைத்த பிறகும் அறையே 30 என்றால் அது என்ன செய்யும்? இது அவசரமான விஷயம், தள்ளிப்போடாதீர்கள். கிரெஸ்டட் கெக்கோ நியூ கலிடோனியா தீவின் காட்டு விலங்கு. அழிந்துபோனதாகக் கருதப்பட்டு 1994இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. 22 முதல் 26 டிகிரிக்குள்தான் அது சுகமாக இருக்கும், 28க்கு மேல் நீடித்தால் தளர்ந்துவிடும். பெட்டியை வீட்டிலேயே குளுமையான அறைக்கு, தரையை ஒட்டி மாற்றுங்கள். மேலே எரியும் விளக்குகளைக் குறையுங்கள். வலை மூடிக்கு மேல் சிறு மின்விசிறி வைத்துச் சூடான காற்றை வெளியே இழுக்கலாம். தெர்மோஸ்டாட்களில் குளிரூட்டும் முறைக்கு மாற்றக்கூடியவையும் உண்டு. சூடு ஏறினால் மின்விசிறியை ஓட்டும். ஆனால் மின்விசிறி அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. அறையையே குளிர்விக்க வழியில்லாத வீட்டில் இந்த இனத்தை வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை என்பது என் உறுதியான கருத்து. வாங்கிய பிறகு சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: லெப்பர்ட் கெக்கோ முட்டையிட்டிருக்கிறது. அடைகாக்கும் பெட்டிக்கு வீட்டில் இருக்கும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டே போதுமா?

பதில்: அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. வளர்ந்த விலங்குக்கு ஓரிரு டிகிரி பொருட்டல்ல, அது இடம் மாறிக்கொள்ளும். முட்டையால் நகர முடியாது. அதுவும் லெப்பர்ட் கெக்கோவில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே சூடுதான் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் அடைகாத்தால் கிட்டத்தட்ட எல்லாம் பெண், 32.5 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண், 34க்கு மேல் போனால் மறுபடி பெண். பியர்டட் டிராகனில் இன்னும் வியப்பு: மரபணுப்படி ஆணாக இருக்க வேண்டிய கரு, 32 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பெண்ணாக வளர்ந்துவிடலாம் என்று 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரை டிகிரிக்கும் இங்கே மதிப்பு உண்டு.

அதனால் பல்ஸ் வகை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆன்-ஆஃப்தான் இருக்கிறது என்றால், ஏற்ற இறக்க அளவை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து 0.5 டிகிரிக்குக் குறையுங்கள். பெட்டிக்குள் மூடிய தண்ணீர்ப் பாட்டில்கள் சிலவற்றை வையுங்கள். தண்ணீர் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்வதால் ஏற்ற இறக்கம் நன்றாகக் குறையும். சென்சாரை முட்டைகள் இருக்கும் டப்பாவின் பக்கத்தில், முட்டை மட்டத்தில் வையுங்கள், ஹீட்டருக்கு அருகில் அல்ல. முட்டையை எடுத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறீர்கள்தானே? பென்சிலால் மேலே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். புரட்டினால் கரு இறந்துவிடலாம்.

கேள்வி: தெர்மோஸ்டாட் திரையே சூட்டைக் காட்டும்போது தனியாக வேறு தெர்மாமீட்டர் எதற்கு?

பதில்: திரை காட்டுவது அதே சென்சார் சொல்வதைத்தான். சென்சார் தவறாகச் சொன்னால் திரையும் அதையே திருப்பிச் சொல்லும். சாட்சி வேறு ஆளாக இருக்க வேண்டும். குறைந்த அளவையும் உச்ச அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைச் சூட்டுப் பக்கமும் இன்னொன்றைக் குளிர்ந்த பக்கமும் வையுங்கள். நீங்கள் தூங்கும்போது நடந்ததைக் காலையில் அது சொல்லும்.

மேற்பரப்பை அளக்க, துப்பாக்கி வடிவிலான அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் நல்லது. அதில் 12:1 என்று போட்டிருந்தால், 12 சென்டிமீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் வட்டத்தை அளக்கிறது என்று பொருள். ஒரு மீட்டர் தள்ளி நின்று சுட்டால் கல்லோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் மண்ணையும் அளந்து சராசரி சொல்லும். கண்ணாடிக்கு வெளியே நின்றும் அளக்காதீர்கள், அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். பளபளப்பான உலோகத்திலும் அதன் கணக்கு தப்பும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்ற சந்தேகம் வந்தால், நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, தண்ணீர் புகாத நுனியை அதில் விடுங்கள். 0 டிகிரியைக் காட்ட வேண்டும். ஒரு டிகிரி தள்ளிக் காட்டினால் குறித்து வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் கார்ன் ஸ்நேக், ஒரே அளவு மேட். ஒரு தெர்மோஸ்டாட்டில் இரண்டு மேட்டையும் மாட்டலாமா? வாட் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

பதில்: வாட் சரியாக வரும், சூடு சரியாக வராது. சென்சார் ஒரு பெட்டியில்தானே இருக்கும்? அந்தப் பெட்டியின் தேவைக்கு ஏற்ப இரண்டு மேட்டும் ஓடும். ஒன்று ஜன்னல் பக்கம் இருக்கலாம், ஒன்றில் மண் கூடுதலாக இருக்கலாம், இரண்டு மேட்டும் ஒரே அளவில் சூடேறாமலும் இருக்கலாம். சென்சார் இல்லாத பெட்டி யாருடைய கண்காணிப்பிலும் இல்லாத பெட்டி. பெட்டிக்கு ஒரு தெர்மோஸ்டாட் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு சென்சாரும் இரண்டு தனி வெளியீடும் உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். அதில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி செட்டிங் இருக்கிறதா, இரண்டும் சேர்ந்து தாங்கும் வாட் எவ்வளவு என்பதைக் கையேட்டில் படித்துவிட்டு வாங்குங்கள்.